தாயுள்ள எத்தீம்கள்

நம் சமுதாயத்தில் மதிப்போடு பேசப்படும் அறங்களுள் எத்தீம்களை ஆதரிக்கும் அறம் தலையாயது. ரமளான் பிறை தென்பட்டதும் ஜகாத் கணக்குப் பார்க்க அமரும் வணிகரும், குர்பானித் தோலை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கும் குடும்பத் தலைவரும் முதலில் நினைப்பது எத்தீம்கானாவையே. இந்த நல்லெண்ணத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. நானும் அதற்காக எழுத வரவில்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருப்பதாலேயே செயல் நல்லதாகிவிடாது. கொடுத்த பணம் என்ன செய்தது என்று கேட்பதும் கொடுத்தவரின் கடமையே. அந்தக் கேள்வியை ஒரு சொல்லிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

'எத்தீம்' என்னும் அரபுச் சொல்லை நாம் 'அநாதை' என்று தமிழாக்கி வந்திருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. அநாதை என்றால் நாதியற்றவன். ஏனென்று கேட்க ஆளில்லாதவன். எத்தீம் என்றால் பருவம் எய்துமுன் தந்தையை இழந்த பிள்ளை. மார்க்கச் சட்ட நூல்கள் தரும் விளக்கம் இதுவே. தாய் உயிரோடு இருந்தாலும் அவன் எத்தீம்தான். ஆகவே எத்தீம் என்ற சொல்லைக் கேட்கும்போது, அந்தப் பிள்ளையின் அருகில் நிற்கும் ஒரு கைம்பெண்ணையும் நாம் பார்த்திருக்க வேண்டும். அநாதை என்ற சொல்லில் அவளுக்கு இடமில்லை. சொல் மாறியபோது தாய் மறைந்தாள்; தாய் மறைந்த பிறகு பிள்ளைக்கு ஒரு கட்டிடம் தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே ஓர் ஊரில் நடந்த எத்தீம்கானா ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். வெள்ளைத் தொப்பியணிந்த சிறுவர்கள் மேடையருகே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஒருவன் இனிய குரலில் கிராஅத் ஓதினான். நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. விழா முடியும்வரை வெளிவாசலில் ஒரு பெண் தூக்குச் சட்டியுடன் நின்றுகொண்டிருந்தார். பேச்சிலேயே எங்கள் கடலோரத்தவர் என்று தெரிந்தது. விசாரித்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்ற பையனின் தாய் அவர். கணவர் இறந்து மூன்றாண்டுகள். மாதத்தில் ஒரு நாள்தான் மகனைப் பார்க்கலாம். அன்று விழாவாகிவிட்டதால் காத்திருக்க நேர்ந்தது. "அவனுக்க செலவுல பாதிய எனக்க கையில தந்திருந்தா, நானே வளத்திருப்பேனே காக்கா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். மேடையில் அன்று பேசப்பட்டவை எவையும் என் நினைவில் இல்லை. அந்தக் கணக்கு மட்டும் நிற்கிறது.

அண்ணலாரின் இளமை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்தீமாகவே பிறந்தார்கள். தந்தை அப்துல்லாஹ் அவர்கள் பிறக்குமுன்பே மறைந்தார்கள். ஆறு வயதில் அன்னை ஆமினாவை இழந்து, பாட்டனார் அப்துல் முத்தலிபின் மடிக்கு வந்து, எட்டு வயதில் அவரையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் இல்லத்தில் வளர்ந்தார்கள். அபூதாலிப் செல்வந்தரல்லர், பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தவர். இருந்தும் அந்த வீட்டின் அடுப்பே அண்ணலாரை வளர்த்தது. பின்னாளில் மக்காவில் பஞ்சம் வந்து அபூதாலிப் தத்தளித்தபோது அண்ணலார் செய்ததையும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகளுள் அலீயைத் தம் வீட்டுக்கும், ஜஅஃபரை அப்பாஸ் அவர்களின் வீட்டுக்கும் அழைத்துச் சென்று அந்தக் குடும்பத்தின் சுமையைக் குறைத்தார்கள். பிள்ளைகள் உறவை விட்டு எங்கும் போகவில்லை. உறவுக்குள்ளேயே இடம் மாறினார்கள். இடருற்ற குடும்பத்துக்கு உதவும் முறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

திருமறையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. எத்தீம்களோடு கலந்து வாழ்வதையும், அவர்களைச் சகோதரர்களாகக் கொள்வதையும் அல்பகரா அத்தியாயம் பேசுகிறது. அவர்களுடைய பொருளை உண்பவரை அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயம் வகுக்கும் வசனத்தில் எத்தீம் என்ற பெயர் தனியே வரவில்லை. ஏழை, வறியவர் என்ற வகைகளுக்குள் அவன் அடங்குகிறான். கடன்பட்டவரோ தனி வகையாகவே இடம்பெறுகிறார். இதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒரு குடும்பம் சிதறுவதற்குப் பசியைவிடக் கடன்தான் பெரும்பாலும் காரணம். ஆனால், கடனை அடைத்து ஒரு வீட்டைக் காப்பாற்றியதாக எத்தனை ஜமாஅத்துகளின் ஆண்டறிக்கையில் படித்திருக்கிறோம்?

ஒரு நாவலாசிரியரின் சாட்சி

எங்கள் மாவட்டத்தின் முஸ்லிம் வாழ்வைத் தமிழ் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் (1944–2019). அவருடைய நாவல்களைப் பழைய காலத்துக் கதைகளாகவும், வட்டார மொழிக்குச் சான்றுகளாகவும் படித்தவர்கள் பலர். அவற்றை ஈகையின் திறனாய்வாகவும் படிக்கலாம் என்பது என் கருத்து. நெருக்கடியில் விழுந்த வீடுகள் மூன்று வகை என்பதை அவருடைய மூன்று நாவல்கள் காட்டுகின்றன.

'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யில், வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் நிழலில் அவருடைய விதவைத் தங்கையும் அவள் மகன் பரீதும் வாழ்கிறார்கள். சோற்றுக்குக் குறைவில்லை, கூரைக்கும் குறைவில்லை. ஆனால் முதலாளியின் மகள் ஆயிஷாவின்மேல் பரீது கொண்ட அன்பு அந்த வீட்டின் கணக்கில் ஏறுவதில்லை. பெரிய வீட்டுப் பெருமைக்காக அவள் மனநலம் குன்றிய ஒருவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள்; அந்த மணம் அவள் வாழ்வையே அழிக்கிறது. ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் கையும், தங்கைக்கும் மருமகனுக்கும் சோறு போடும் கையும் ஒன்றே. ஆதரிப்பவன் ஆள்பவனாகவும் இருந்துவிட்டால், ஆதரவு பெறுகிறவன் தன் வாழ்வைப் பற்றி வாய் திறக்க இயலாது. முதல் வகை நெருக்கடி இது: உண்ண உணவு இருந்தும் உரிமை இல்லாமை.

'துறைமுகம்' (1991) காட்டுவது கடன். கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து வரும் கடிதம் சொல்லும் விலையை நம்பி வாழும் சிறு வணிகர்களின் கதை அது. சரக்கு நட்டமாகிவிட்டது என்று எழுதி வந்தால், அதை மறுத்துக் கேட்க அவர்களிடம் எழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை. மீரான் பிள்ளையின் வீடு சரிவது சோம்பலாலன்று, ஊதாரித்தனத்தாலுமன்று. நியாயமான விலையும் கொஞ்சம் எழுத்தறிவும் கிடைத்திருந்தால் அவர் யாருடைய வாசலிலும் நின்றிருக்க மாட்டார். அத்தகைய வீட்டில் தந்தை சாய்ந்த பிறகு பிள்ளையை எடுத்து வளர்ப்பது அறம்தான். சாயுமுன் தாங்கிப் பிடித்திருந்தால் அது பேரறம்.

மூன்றாவது வகை, வெளியே தெரியாத நெருக்கடி. 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி'யில் சௌதா மன்ஸில் என்னும் பெரிய வீடு வருகிறது. முன்னோர் பெருமையை மெல்லும் முஸ்தபாக்கண்ணு, தம் நாக்கின் ருசிக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்கிறார். மனைவி மரியம் அடியும் பட்டினியும் தாங்குகிறாள். தெருவில் செல்பவருக்குத் தெரிவது பெரிய வாசல். உள்ளே எரியாத அடுப்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. கைநீட்டிக் கேளாத ஏழைகளை, அறியாதவர் செல்வந்தரென எண்ணுவர் என்று திருமறை சுட்டுவது இத்தகையவரைத்தான். நம் தர்ம முறைகளோ கேட்டு வருபவருக்கே கொடுக்கின்றன. படிவம் நிரப்பியவருக்கே கிடைக்கின்றன. மரியத்தின் வாசலை எந்த வசூல் புத்தகமும் எந்த விநியோகப் பட்டியலும் தட்டுவதில்லை.

இம்மூவகை நெருக்கடிகளுள் எதற்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது மருந்தாகாது. முதலாவதற்குத் தேவை தாயின் கையில் சொந்த வருமானம். இரண்டாவதற்குக் கடன் நிவாரணம். மூன்றாவதற்குக் கண்ணியத்தோடு மறைவாகச் செய்யப்படும் உதவி.

இல்லங்கள் வந்த வழி

எத்தீம்கானாக்கள் தவறான நோக்கத்தோடு பிறந்தவை என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் வட்டாரம் திருவிதாங்கூரோடும் பின் திரு-கொச்சியோடும் இணைந்திருந்ததால், மலையாளக் கரையின் முஸ்லிம் நிறுவனங்கள் எங்களுக்கு அயலானவை அல்ல. 1921 மலபார் கிளர்ச்சியில் ஆண்களை இழந்த குடும்பங்களுக்காகப் பஞ்சாபிலிருந்து வந்த பெரியவர்கள் 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் எத்தீம்கானாவை நிறுவினார்கள். 1943இல் காலரா வீடு வீடாக உயிர்களை வாரிக் கொண்டபோது திரூரங்காடியில் இன்னொன்று எழுந்தது. குடும்பமே அழிந்துபோன காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. அந்த இல்லங்களில் படித்து ஆளாகியவர் பல்லாயிரவர். அவற்றை ஒட்டிப் பள்ளிகளும் கல்லூரிகளும் வளர்ந்தன. அந்த நன்றியை மறப்பது பாவம்.

ஆனால் கொள்ளை நோய்க் காலத்து மருந்தை அன்றாட உணவாக்கிக் கொள்ளலாமா? கட்டிடம் எழுந்துவிட்டால் அதை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். 2014 மே மாதத்தில், ஜார்க்கண்ட், பிஹார் முதலிய மாநிலங்களிலிருந்து கேரளத்து எத்தீம்கானாக்களுக்கு ரயிலில் வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாலக்காட்டில் இறக்கப்பட்டார்கள். கல்வி கொடுக்கவே அழைத்து வந்தோம் என்றார்கள் பொறுப்பாளர்கள். அது கடத்தலன்று என்று மத்தியப் புலனாய்வுத் துறையும் பின்னர் கூறியது. ஏற்றுக்கொள்வோம். ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் படிப்புக்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ய நேர்ந்ததேன், அந்தச் செலவில் அவர்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்காதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

நாகர்கோவிலின் பழைய வரலாற்றில் வேறொரு முறையும் இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்கான பள்ளியோடு சரிகைப் பின்னல் தொழிலையும் கற்றுக் கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்களுள் சிலர் அந்தப் பின்னல் வருமானத்தைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினார்கள். சமயத்தால் நாம் வேறுபட்டாலும் அந்தச் செயலிலுள்ள பாடத்தைக் கற்கலாம். கையில் ஒரு தொழில் இருந்தால் பெண் தன்னையும் தன் பிள்ளைகளையும் மீட்டுக்கொள்வாள்.

உலகம் வந்து சேர்ந்த இடம்

லண்டனில் 1870இல் சிறுவர் இல்லம் திறந்து உலகப் புகழ் பெற்றவர் டாக்டர் பர்னார்டோ. அவர் பெயரால் இயங்கும் அதே நிறுவனம் 1960களுக்குப் பிறகு பெரிய இல்லங்களைப் படிப்படியாக மூடிவிட்டுக் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் பணிக்கு மாறிவிட்டது. ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 136 குழந்தைகளை அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இல்லங்களிலேயே வளர்ந்த குழந்தைகளைவிட, வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் அறிவிலும் உணர்விலும் மேம்பட்டு வளர்ந்தார்கள். எவ்வளவு இளமையில் குடும்பம் கிடைத்ததோ அவ்வளவு நன்மை. வறுமை ஒன்றே காரணமாகக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

நம் நாட்டு நிலையும் இதனோடு பொருந்துகிறது. தமிழ்நாட்டு இல்லங்கள் சிலவற்றில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றி 2007இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கில் 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாச் சிறுவர் இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், அவற்றின் நிலை கண்காணிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. 2018இல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கெடுப்பு ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இல்லங்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கண்டது. அவர்களுள் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிடப் பெற்றோரில் ஒருவர் உள்ள குழந்தைகளே மிகப் பலர். எத்தீம்கானா வாசலில் தூக்குச் சட்டியோடு நின்ற அந்தத் தாய் ஒருத்தியல்லள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

பேரிடர் வரும்போது நாம் திறந்த கையோடு ஓடுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் நுழைந்து, எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று சமயம் பாராமல் சோறு வந்தது, துணி வந்தது, பணம் வந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர் பகுதி மீனவரை வாரிக் கொண்டபோது, இறந்தோர், காணாமற்போனோர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் வழங்கியது. ஆனால், வளைகுடாவில் வேலையிழந்து திரும்பியவன், சிறுநீரகம் பழுதடைந்தவன், வட்டிக்கு வாங்கியவன், குடும்பத்தைவிட்டு ஓடியவன் ஆகியோரின் வீடுகளில் அலை தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. மெதுவாக வரும் பேரிடருக்கு நம்மிடம் நிதியுமில்லை, பட்டியலுமில்லை.

செய்யத் தக்கவை

இல்லங்களே வேண்டாம் என்பது என் முடிவன்று. பெற்றோர் இருவருமற்று, ஏற்க உறவும் இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும். வீட்டிலேயே கொடுமைக்கு ஆளாகும் பெண் குழந்தைக்கு இல்லம் கட்டாயம் வேண்டும். தாய் மறுமணம் புரிந்த வீட்டில் ஏற்கப்படாத பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். இந்தச் சிலருக்காக இல்லம் நடக்கட்டும். நல்ல முறையில், பதிவோடு, கணக்கோடு நடக்கட்டும். தாயுள்ள பலரை இந்தச் சிலரோடு சேர்த்து எண்ணுவதுதான் பிழை.

எனவே மஹல்லாதோறும் பைத்துல்மால் நடத்துவோர் முதலில் ஒரு பட்டியல் எழுத வேண்டும்: தந்தையை இழந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் தாயுள்ளவர் எத்தனை, அந்தத் தாயின் கடன் எவ்வளவு, அவள் செய்யக்கூடிய தொழில் என்ன? பட்டியலைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய இருவர் அறிந்தால் போதும். ஆண்டுக்கொரு முறை அரிசி மூட்டையோடு படமெடுத்துக் கொள்வதை விடுத்து, மாதந்தோறும் ஒரு தொகை தாயின் வங்கிக் கணக்கிலேயே சேரட்டும். அரசிடமிருந்து வரவேண்டியதையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தோடு வாழும் இடருற்ற குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் இடம்பெற்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் படித்த இளைஞனின் ஒரு மணி நேரமும் ஸதகாவே.

எத்தீம்கானாக்களின் ஆண்டறிக்கையிலும் இரண்டு வரிகள் புதிதாகச் சேரட்டும். தாயுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்? இவ்வாண்டு எத்தனை பேரை உதவித்தொகையோடு தாயிடம் திருப்பி அனுப்பினோம்? இரண்டாவது எண் உயர்ந்தால் அந்த நிறுவனம் வெற்றி பெறுகிறது என்று பொருள். நன்கொடை கொடுப்போர் இந்த இரு கேள்விகளையும் கேட்ட பிறகே ரசீது வாங்க வேண்டும்.

கைம்பெண்ணுக்காகவும் வறியவருக்காகவும் பாடுபடுவோரை இறைவழியில் போராடுவோருக்கு ஒப்பாகச் சொன்னார்கள் அண்ணலார். எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம் அருகில் இருப்பார் என்று இரு விரல்களைக் காட்டியவர்களும் அவர்களே. இவ்விரண்டும் வேறு வேறு அறங்கள் என்று நாம் எண்ணிவிட்டோம். ஒரே வீட்டில் செய்ய வேண்டியவை அவை. வரும் ரமளானில் ஜகாத் கணக்கை முடிக்குமுன், உங்கள் தெருவில் கணவனை இழந்த பெண் யார், அவள் பிள்ளை இப்போது எங்கே உறங்குகிறது என்று வீட்டுப் பெண்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.